படமெடுக்கும் பைத்தான்

மலைப்பாம்பு படமெடுக்காது, நல்ல பாம்புதான் எடுக்கும். விலக்கு ஒன்று உண்டு: பைத்தான் நிரல்மொழி. ஏழு வரி எழுதியதும் அதைப் படமாக்கிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஏற்றிவிடும் நிரலர் ‘படமெடுப்பவர்’ எனப்படுவார். உலகெங்கும் வாழும் இவ்வினத்தின் மலேசிய மூவார் நகர வகை, பகலில் தளவாடத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவிலும், மாலையில் தஞ்சோங் எமாஸ் ஆற்றோரத்திலும், இரவில் மீ பண்டுங் கடையிலும் மடிக்கணினியோடு தென்படும்.

இவரை உண்டாக்கியது தேவைதான். நிரலை எழுத்தாகவே புலனத்தில் ஒட்டினால், இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே மாட்டிய சொல் தடித்துவிடும். அடிக்கோடுகளுக்கு நடுவே மாட்டியது சாய்ந்துவிடும். கைப்பேசித் திரைக்கு அடங்காத வரி மடிந்து, பைத்தானுக்கு உயிரான வரிமுன் இடைவெளி தெரியாமல் போகும். படத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழருக்கு இது பழகிய வழியும்கூட: ஒருங்குறி பரவாத காலத்தில், எதிரிலிருப்பவரிடம் அதே எழுத்துரு இருக்குமோ இருக்காதோ என்று தமிழையே படமாக்கி அனுப்பியதுண்டு.

கருவிகளுக்குக் குறைவில்லை. 2017இல் கார்பன் என்னும் இணையச் செயலி வந்தது. பின்னர் விஷுவல் ஸ்டூடியோ கோட் தொகுப்பானுக்குள்ளேயே இயங்கும் போலகோட், கோட்ஸ்நாப் செருகுநிரல்கள் வந்தன. இணையமே வேண்டாம் என்பவருக்கு ரஸ்ட் மொழியில் எழுதிய சிலிகான் உண்டு. போலராய்டு கேமராவை நினைத்துப் பெயரிட்ட போலகோடில், நிரலை நகலெடுத்துப் பக்கத்துப் பலகத்தில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் படம் தயார்.

செருகுநிரலுக்கு இது நொடி வேலை; படமெடுப்பவருக்கு ஒன்றரை மணி நேரம். டிராகுலா வண்ணமா, மொனோகாயா என்று அவர் முடிவெடுப்பதற்குள் தே தாரேக் ஆறி ஆடை கட்டிவிடும். பிறகு ஓரத்தை வளைப்பார், நிழல் விழச் செய்வார். தளவாடத்துக்குப் பேர்போன ஊர்க்காரர் ஆதலால் வார்னிஷில் குறை வைக்கமாட்டார். நாற்காலிக்கு நாலு கால் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை.

படத்தின் இடது மேல்மூலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பொட்டுகள் இருக்கும். இவை மேக் கணினிச் சாளரத்தின் பொத்தான்கள். அவருடைய கணினி விண்டோஸ்.

படத்திலுள்ள நிரல் ஓடாது. ஓட்டிப்பார்க்க விரும்புபவர் அதை மீண்டும் எழுத்தாக்க வேண்டும். புலனம் சுருக்கி அனுப்பிய படத்தில் சுழியமும் ஓவும் இரட்டைப் பிள்ளைகள். ஃபிரா கோட் எழுத்துருவோ, வியப்புக்குறியையும் சமக்குறியையும் சேர்த்து வெட்டுப்பட்ட சமக்குறியாகக் காட்டும். விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அந்த விசை உதிராது. பார்வையற்ற நிரலரின் திரைவாசிப்பான் பெரும்பாலும் ‘படம்’ என்று சொல்லி நின்றுவிடும். மூன்றாம் வரியில் நீக்க மறந்த கடவுச்சொல் மட்டும் எல்லாருக்கும் பளிச்சென்று தெரியும்.

குழுவின் எதிர்வினையும் மாறாதது. முதலில் கட்டைவிரல்கள் உயரும். அடுத்து, “என்ன ஃபாண்ட் அண்ணே?” என்று ஒருவர் கேட்பார். நிரல் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் ஒரு கல்லூரி மாணவர், “அண்ணே, நாலாவது வரியில கோலன் விட்டுப்போச்சு. ஓடாதே? எழுத்தாவே அனுப்புங்க, சரிபண்ணித் தர்றேன்” என்பார்.

படமெடுப்பவர் நன்றி சொல்வார். பத்து நிமிடத்தில் புதிய படம் வரும். பின்னணி நிறம் மாறியிருக்கும்.