வாளையார் அணையில் மீன் சிக்காமை: காரணவியல் நோக்கில் ஓர் எல்லையோர ஆய்வு

குளிர்கால ஏரி மீன்பிடிப்பு குறித்து உலகம் எழுதி வைத்திருப்பதில் பெரும்பகுதி பனிக்கட்டியில் துளை போடுவது பற்றியது. கனடாக்காரர்களும் பின்லாந்துக்காரர்களும் உறைந்த ஏரியின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதிய இலக்கியம் அது. தமிழக-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளத்துக்காரருக்கு அதனால் நயா பைசாப் பயன் இல்லை. இங்கே மார்கழி நடுப்பகலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே வரையறையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. குளிர்கால மீன்பிடிப்பாவது, கார்த்திகை முதல் தை முடிய அணைக்கரையில் அமர்ந்து, மீன் ஏன் சிக்கவில்லை என்பதற்குக் காரணம் உற்பத்தி செய்தல். மீன் இதில் உபபொருள்.

கருவிகள் எளியவை. மூங்கில் குச்சி, நரம்பு, ஈயக்குண்டு, முள், பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய தக்கை. இரைக்கு மண்புழு, அது தீர்ந்தால் பரோட்டாவுக்குப் பிசைந்த மைதா.

காரணங்களில் தலையாயது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் முப்பது கிலோமீட்டருக்கு வாய் திறந்து கிடக்கிறது. ஆடியில் அந்த வாய் கிழக்கே ஊதும். கார்த்திகை பிறந்தால் திசை மாறி மேற்கே ஊதும். மலையாளத்தில் இதற்கு விருச்சிகக் காற்று என்று பெயர். காற்றில் அலை எழும், அலையில் தக்கை ஆடும், ஆடுகிற தக்கையைக் கொத்தியது மீனா அலையா என்பது வரப்பிரசாதிகளுக்கே விளங்கும். இதுவரை அறிவியல். இனி அரசியல். "காத்து உங்க பக்கமிருந்துதானுங்களே வருது?" என்று பாலக்காட்டுக்காரர் கேட்கிறார். "ஆடியில நீங்க அனுப்புனதைத்தான் திருப்பி அனுப்பறோமுங்க" என்கிறார் கோவைக்காரர். இதிலிருந்து பெறப்படும் சூத்திரம்: காரணம் எல்லைக்கு அப்பாலது என்மனார் கரையோர்.

காற்றைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கிழக்குக் காற்று மேல்மட்ட நீரையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் மேற்குக் கரைக்குத் தள்ளுகிறது. இரை போகும் இடத்துக்கு மீனும் போகும். எனவே மேற்குக் கரையில் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு உட்காருவதே முறை. ஆனால் அங்கே பீடி பற்றாது. ஆட்கள் காற்றுக்கு முதுகைக் காட்டிக் கிழக்குக் கரையில் உட்காருகிறார்கள். மீனும் ஆளும் நேரெதிர்க் கரைகளில் நிம்மதியாக இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் தண்ணீர். தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29-இல் கையெழுத்தானது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் ஆழியாற்றின் வழியாகப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். "ஆழியாத்துல தண்ணி உடலீங்க, அப்பறம் மீன் எப்படீங்க கடிக்கும்?" என்றார் ஒருவர். வாளையார் அணைக்கும் ஆழியாற்றுக்கும் நீர்த்தொடர்பே கிடையாது என்று பணிவுடன் எடுத்துச் சொல்லப்பட்டது. "அது தெரியுமுங்க. இருந்தாலும் உட்டிருக்கலாமில்லீங்க" என்றார். இப்படி எல்லை தாண்டும் காரணங்களை எந்தச் சாவடியும் நிறுத்துவதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வேலந்தாவளம் வணிகவரிச் சோதனைச்சாவடிக்கு வேலை போயிற்று. காரணங்களோ அதற்கு முன்பும் வரி கட்டாமல்தான் எல்லை கடந்தன.

எல்லைவாதத்துக்கு ஒரு புறனடை மலம்புழை. அந்த அணையை 1955-இல் திறந்து வைத்தவர் அன்றைய சென்னை மாநில முதல்வர் காமராஜர். மலபார் அப்போது சென்னையோடு இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று விடிந்தபோது அணைக்குள் இருந்த மீனெல்லாம் ஒரு துடுப்பும் அசைக்காமல் கேரள மீனாகியிருந்தது. அதற்கு முந்தைய மீன் சிக்காமைக்கு எந்த மாநிலத்தைப் பொறுப்பாக்குவது என்பது தீராத வழக்கு.

உயிரியல் காரணம் ஒன்று உண்டு. கரையில் யாரும் இதைக் கையாளக் காணோம், ஆகவே இலவசமாக வழங்கப்படுகிறது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை, முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் இனம். அந்த நாட்களில் தாய்மீன் அநேகமாக இரை எடுக்காது. "வாய் நிறையப் பிள்ளைங்களுங்க, எப்படிக் கடிக்கும்?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மனைவி மறுத்துப் பேச முடியாத ஒரே காரணம் இது.

வீட்டில் கேட்பார்களா என்பது வேறு விஷயம். கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் மண்டல விரதம். பாதி வீடுகளில் மீன்சட்டி பரணுக்குப் போய்விடும். மீன் குறைவாகத் தேவைப்படும் பருவமும் மீன் குறைவாகச் சிக்கும் பருவமும் ஒன்றாக அமைந்ததைத் தற்செயல் என்று சொல்ல இவ்வாய்வாளருக்கு மனமில்லை.

கடைசியாக ஒரு தரவு. உரிமம் பெற்ற மீனவர் ஒருவர் காலையில் பரிசலைக் கரை சேர்த்தார். கட்லாவும் ரோகுவும் கிடந்தன, அடியில் ஜிலேபி. இந்தக் காற்றில் எப்படி என்று கேட்டதற்கு, "சாயங்காலமே வலை உட்டுட்டுப் போயிட்டேனுங்க, விடிஞ்சு வந்து எடுத்தேனுங்க" என்றார். இக்கூற்று மேற்கண்ட எந்த வகைப்பாட்டிலும் அடங்காததால் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.