வசூல் எங்கிருந்து வந்தது?

கே: ‘முதல் நாள் வசூல்’ என்று சினிமா விளம்பரத்தில் போடுகிறார்களே, வசூல் தமிழ்ச் சொல்தானா?

ப: அரபிச் சொல். பாரசீகம், உருது வழியாக வருவாய்க் கச்சேரிக்குள் நுழைந்து, கந்துவட்டிக்காரரிடமும் பழகிவிட்டுத் தியேட்டருக்கு வந்திருக்கிறது. அரபியில் ‘வுஸூல்’ என்றால் வந்துசேர்தல், அவ்வளவுதான். வளைகுடா விமான நிலையங்களில் வருகைப் பலகையில் இதே சொல்லைப் பார்க்கலாம். அங்கே ஆள் வந்துசேர்கிறார், இங்கே பணம். விளம்பரத்தில் போட்ட கோடிகள் உண்மையிலேயே வந்துசேர்ந்தனவா என்பதைத் தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும்.

கே: அரபியில் ஒரே வேரிலிருந்து ஏகப்பட்ட சொற்கள் கிளைக்குமாமே?

ப: இதன் வேர் வாவ், ஸாத், லாம் என்ற மூன்று எழுத்து. சேர்வது, இணைவது என்பது கரு. உயிரொலிகளை மாற்றி, ஒன்றிரண்டு எழுத்தைச் செருகினால் புதுச்சொல் தயார். ‘வஸ்ல்’ இணைப்பு. ‘ஈஸால்’ ரசீது, பணம் சேர்ந்ததற்குச் சாட்சி. ‘தவ்ஸீல்’ கொண்டுபோய்ச் சேர்ப்பது. பிரியாணிப் பொட்டலத்தோடு பைக்கில் பறக்கிற பையனின் வேலை. ‘முவாஸலாத்’ போக்குவரத்து, கத்தாரில் பஸ் நிறுவனத்துக்கே அதுதான் பெயர். ‘இத்திஸாலாத்’ தொலைத்தொடர்பு, அமீரகத்தில் 1976-இல் அந்தப் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார்கள். அதில் வாவைத் தேடாதீர்கள், பக்கத்துத் தகரத்தில் கரைந்துவிட்டது. எனக்குப் பிடித்தது ‘ஸிலத்துர் ரஹிம்’: சொந்தபந்தங்களோடு உறவை அறுத்துக்கொள்ளாமல் பேணுவது. பஸ்ஸுக்கும் மாமன் மச்சானுக்கும் ஒரே வேர்!

கே: ஊர்ப்பெயர் ஏதும் உண்டா?

ப: ஈராக்கின் மோசுல். அரபியில் ‘அல்-மவ்ஸில்’, இணையும் இடம். அந்த ஊர்ப்பெயரைத்தான் ஐரோப்பியர் ஒரு மெல்லிய துணிக்குச் சூட்டினார்கள்: மஸ்லின். ஆக, டாக்கா மஸ்லின் என்னும்போது இரண்டு ஊரைச் சொல்கிறீர்கள்.

கே: வழிவகை என்ற பொருளில் வரும் ‘வசீலா’வும் இந்தக் குடும்பமா?

ப: இல்லை. அதில் வருவது ஸீன், இதில் ஸாத். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். தமிழை அரபி எழுத்தில், அதாவது அரபுத்தமிழில், எழுதிய பெரியவர்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

கே: வாசலுக்கும் வசூலுக்கும்?

ப: வாசல் தமிழ், வாய், இல். வசூலுக்கு வருகிறவர் அங்கே வந்து நிற்கிறார் என்பதைத் தவிர வேறு உறவில்லை.

கே: அரபி அகராதியில் ‘முவாஸலாத்’தை ‘மீம்’ எழுத்தில் தேடினேன், காணோமே?

ப: வேரைத் தோண்டி ‘வாவ்’ பக்கம் போங்கள். இப்னு மன்ஸூர் 1290-இல் முடித்த ‘லிஸானுல் அரப்’ அகராதி கையில் இருந்தால் ‘லாம்’ பக்கம். அது வேரின் கடைசி எழுத்தை வைத்து அடுக்கியது. இயைபு தேடும் கவிஞருக்குக் கொண்டாட்டம், மற்றவர்களுக்குத் திண்டாட்டம்.

கே: வசூல் அரபி என்றால் பாக்கி?

ப: அதுவும் அரபிதான், வேர் மட்டும் வேறு. நிலைத்திருப்பது என்று பொருள். இறைவனின் 99 திருநாமங்களில் ‘அல்-பாகீ’, என்றும் நிலைத்திருப்பவன், ஒன்று. மளிகைக் கடை நோட்டில் இருக்கும் உங்கள் பாக்கிக்கு அந்தத் தகுதியைக் கொடுக்காமல் சீக்கிரம் அடைத்துவிடுங்கள்.