'ஸ்டார்ட்': பொருள்நிலை குறித்த ஒரு முன்னாய்வு

ஸ்டார்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தொடங்குதல் என்று பொருள் கொள்வது அகராதி புரட்டாதவர் வழக்கம். பழைய ஆங்கிலத்தில் அது துள்ளுதலையும் குதித்தெழுதலையும் குறித்தது. தொடங்குதல் என்ற பொருள் பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. தமிழாய்வு மரபுப்படி எப்பொருளையும் தொல்காப்பியத்திலிருந்து தொடங்க வேண்டும். இச்சொல் அதில் இல்லை என்று அறிவித்ததோடு அக்கடமை தீர்ந்தது. 'சட்டென்று' என்பதிலுள்ள 'சட்டு'தான் கப்பலேறிப் போய் ஸ்டார்ட் ஆயிற்று என்று நிறுவும் பணியிடம் காலியாக உள்ளது. விண்ணப்பங்களுக்குக் குறைவிராது.

துள்ளல் பொருளின் மிச்சம் திடுக்கிடல். புதரில் பதுங்கிய முயலை வேட்டைக்காரர் கிளப்புவதும் ஸ்டார்ட்தான். ஸ்டார்ட் செய்பவர் ஒருவர், ஓடுபவர் வேறொருவர் என்ற அலுவலக நடைமுறைக்கு இதுவே முன்மாதிரி. ரெட்ஸ்டார்ட் என்ற பறவையை இவ்வகையில் அடக்குவது பிழை. அதிலுள்ள ஸ்டார்ட் வேறு சொல். வால் என்று பொருள். இங்கிலாந்தின் டெவன் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஸ்டார்ட் பாயின்ட் முனையும் வாலே. பெயரை நம்பிப் போகிறவர் நிலம் முடியும் இடத்தில் போய் நிற்பார்.

பீப்பாயைக் காலிசெய்வது ஸ்டார்ட். கப்பலின் பலகை இடம்பெயர்வதும் ஸ்டார்ட். பிரிட்டிஷ் கடற்படையில் சுணங்கிய மாலுமியைக் கயிற்று நுனியாலோ பிரம்பாலோ விளாசி வேலைக்கு விரட்டுவதற்கும் இதே பெயர். 1809இல் இப்பழக்கம் தடைசெய்யப்பட்டது. அடி நின்றது, சொல் நீடித்தது.

ஓட்டப்பந்தயத்தில் பொருள் நுட்பமாகிறது. வெடியொலிக்குப் பின் 0.1 நொடிக்குள் கிளம்பினால் அது தவறான ஸ்டார்ட். காதில் விழுந்து கால் அசைய அதைவிடக் குறைந்த நேரம் போதாது என்பது விதியின் அடிப்படை. ஆகவே ஒலிக்குப் பின் கிளம்பியவரும் முன்பே கிளம்பியவராகக் கருதப்படலாம். 2010 முதல், முதல் தவறுக்கே வெளியேற்றம். 2011இல் டேகு நகர உலகப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் உசேன் போல்ட் இப்படித்தான் வெளியே போனார். முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளுக்கு இவ்விதி பொருந்தாது. நன்றியுரை, ஆய்வின் நோக்கம், ஆய்வின் எல்லை, இயல் பகுப்பு, முன்னோர் ஆய்வுகள் என்று நூறு பக்கம் கடந்தும் அங்கே துப்பாக்கி வெடிப்பதில்லை.

இயந்திரம் வந்தபின் சொல் உடலுழைப்பானது. முற்காலக் காரை முன்பக்கம் நின்று இரும்புக் கைப்பிடியால் சுற்ற வேண்டும். அது திருப்பி உதைத்தால் கை முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் காரில் வந்து எலும்புகளைக் காத்தது. பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கு அந்தப் பேறு வெகுகாலம் வாய்க்கவில்லை. அதை ஒருக்களித்துச் சாய்த்து, சில நொடி தாமதித்து, நிமிர்த்தி உதைப்பதே அந்நாள் மரபு. பெட்ரோல் எட்டுவதற்காகச் சாய்ப்பது என்பர் மெக்கானிக்குகள். வண்டி காலில் விழுந்தால்தான் கிளம்பும் என்பர் குடும்பத்தார்.

தமிழில் இச்சொல் நுழைந்தபோது வாசலிலேயே இடர்ப்பட்டது. தனிமெய் சொல்லுக்கு முதலாகாது என்பது இலக்கணம். எனவே பேச்சில் ஓர் இகரம் முன்னே வந்து, 'இஸ்டார்ட்' என்று தள்ளிவிட வேண்டியிருக்கிறது. பிறகு 'ஆகு' சேர்ந்தால் தன்வினை, 'பண்ணு' சேர்ந்தால் பிறவினை. வண்டி கிளம்பாதபோது 'ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது' என்று பழி வண்டிமேல். கிளம்பியதும் 'ஸ்டார்ட் பண்ணிட்டேன்' என்று பெருமை தன்மேல்.

ஆய்வாளரை அலைக்கழிப்பது கைப்பேசி வழக்காகும். 'எங்கப்பா இருக்கே?' என்ற வினாவுக்கு 'ஸ்டார்ட் ஆயிட்டேன்' என்பது விடை. வடிவத்தில் இறந்தகாலம், பொருளில் எதிர்காலம், சில சமயம் வெறும் ஆறுதல். புறப்பாடு எக்கணத்தில் நிகழ்கிறது என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுவர். செருப்பு மாட்டியதே புறப்பாடு என்பது வாசற்படி மரபு. கதவைப் பூட்டியதே என்பது சாவி மரபு. பூட்டிய பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, நாலு எட்டு வைத்து, கேஸ் மூடினோமா என்று திரும்பி வந்து பார்த்த பின்னரே என்பது பிற்காலச் சாவி மரபு. புறப்படும் எண்ணம் உதித்ததே புறப்பாடு என்பது போர்வை மரபு. பின்பற்றுவோர் தொகை இதற்கே மிகுதி.

இம்மரபுகளைப் பின்னணி ஒலியால் பிரித்தறியலாம். பக்கெட்டில் தண்ணீர் விழும் ஓசை குளியல்நிலை. கரண்டியோசை சிற்றுண்டிநிலை. குக்கர் மூன்று விசில் விட்ட பின்னும் 'பாதி தூரம் வந்துட்டேன்' என்ற சொற்றொடர் கேட்குமாயின், தேநீர்க்கடைப் பெஞ்சின் மேற்குமுனை உரை அதை இடக்கரடக்கல் என்னும். கிழக்குமுனை உரை பச்சைப் பொய் என்னும். இரண்டு உரைகளுக்கும் மாஸ்டர் கிளாஸ் கழுவியபடி இயற்றிய சிற்றுரை 'ரெண்டு டீக்கு யாரு காசு?' என்னும். மூன்றனுள் ஆதாரம் உடையது கடைசி ஒன்றே. 'டிராபிக்ல நிக்கிறேன்' என்று சொல்லும்போது மிக்ஸி ஓடுவது தனி ஆய்வுக்குரியது. அது சட்னி இயலில் கூறப்படும்.

எஞ்சியவை சில. ஸ்டார்ட்டிங் டிரபிள் வண்டிக்கும் திங்கட்கிழமைக்கும் பொது. ஸ்டார்ட்டிங் விலை என்பது ஜவுளிக்கடை விளம்பரத்தில் மட்டும் உள்ள விலை. அந்த விலைக்கு உரிய சேலை, கேட்கும்போது மேல்மாடியில் இருக்கும்.

1995இல் விண்டோஸ் 95 கணினித் திரையின் கீழ்மூலையில் ஸ்டார்ட் பொத்தானை வைத்தது. கணினியை அணைக்கவும் அதையே அழுத்த வேண்டியிருந்தது. ஆகவே நிறுத்துதலும் இச்சொல்லின் பொருள்களுள் ஒன்றாகப் பதிவு பெறுகிறது. எதிர்ச்சொல்: காண்க, ஸ்டார்ட்.