ஃபுல் டவர் காட்டுது, மனுதான் போகலை

"ஃபுல் டவர் காட்டுது, ஆனா போக மாட்டேங்குதே" என்று போனை வானத்துக்கு நீட்டி நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். போன் பொய் சொல்லவில்லை. டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது என்பதற்குத்தான் அந்த நாலு கோடு. நீங்கள் பேசுவது அங்கே கேட்கிறதா என்று எவன் கவலைப்பட்டான்? டவர் 20, 40 வாட்டில் முழங்கும். 4ஜி கைபேசிக்கு வழக்கமான உச்சவரம்பு 200 மில்லிவாட். அவர்களுக்கு மைக்செட், உங்களுக்குத் தொண்டை.

அந்தத் தொண்டையையும் நினைத்தபோது திறக்க முடியாது. போன் டவருக்குப் போடும் முதல் மனு: "ஐயா, என்னிடம் ஒரு மனு இருக்கிறது." தலையசைப்பு வந்தால் இரண்டாவது: "அது இத்தனை பக்கம்." அதற்கும் அனுமதி வந்த பிறகுதான் சரக்கு ஏறும். தாலுகா ஆபீசைச் சில மில்லிசெகண்டுகளுக்குள் மடித்து வைத்தவனுக்குக் கோயிலே கட்டலாம்.

வாசலில் நிற்கும் டபேதாரின் பெயர் ஷெட்யூலர். 4ஜியில் மில்லிசெகண்டுக்கு ஒருமுறை யாரை உள்ளே விடுவது என்று முடிவெடுப்பவர். வாசலோரம் நின்று கணீரென்று பேசுகிறவர்களையே விட்டுக்கொண்டிருந்தால் மனுக் கணக்கு மளமளவென்று ஏறும். அதற்குப் பெயர் செயல்திறன். கடைசி வரிசைக் கிழவி திக்கித் திணறிச் சொல்லி முடிப்பதற்குள் கணக்கு படுத்துவிடும். மனசாட்சி உறுத்தியவர்கள் 'விகித நியாயம்' என்று ஒன்று வைத்தார்கள்: இப்போது கிடைக்கக்கூடிய வேகத்தை, இதுவரை கிடைத்த சராசரியால் வகு, விடை பெரிதாக வருகிறவரைக் கூப்பிடு. நல்ல சூத்திரம்தான். கிழவிக்கும் முறை வருகிறது. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் முடிந்தும் விடுகிறது. தராசைக் கம்பெனி எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்திருக்கிறது என்று எந்த விளம்பரத்திலாவது பார்த்தீர்களா?

5ஜி வந்துவிட்டதே என்பீர்கள். ஒரே அலைவரிசையை நேரத்தால் கூறு போடும் இடங்களில் பரவலாகப் புழங்கும் ஒரு பங்கீடு: ஐந்து துண்டில் மூன்று முழுக்க நாம் வாங்க, நான்காவதில் பெரும்பகுதியும் வாங்கவே, ஐந்தாவது மட்டும் நாம் கொடுக்க. கிரிக்கெட் பார்க்க வழி விட்டாயிற்றே, நீ என்னத்தைச் சொல்லிக் கிழிக்கப்போகிறாய்?

சொல்லவேண்டிய ஆண்டும் வந்தது, 2020. ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் மரத்தில் ஏறினார்கள். அதே ஆண்டு ஜூலையில், அதிகம் கட்டுகிறவருக்கு முன்னுரிமை என்று ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் விற்ற திட்டங்களை நிறுத்திவைக்கச் சொன்னது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். காசு கொடுத்து முந்தினால் பாரபட்சமாம். சரி. டவரடியில் வீடு இருப்பதால் முந்தினால்? அது கணிதமாம். கிளையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அந்தக் கணிதத்தை யாராவது ஏறிப்போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.