பதினொருவர் கடலாடு படலம்: தாமல் குடும்பமொன்றின் கப்பல் முன்பதிவு குறித்த ஆராய்ச்சி

பாயிரம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியோடு இருக்கிற தாமல் என்னும் ஊரிலிருந்து ஒரு கூட்டுக் குடும்பம் சொகுசுக் கப்பலில் போய்வர முடியுமா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். இத்துறையில் முன்னோர் யாரும் நூல் செய்யவில்லை. கோயிலுக்குத் தலபுராணம் இருக்கிறது, பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கப்பலில் யார் யாரோடு படுப்பது என்பதற்கு மட்டும் ஒரு நூற்பா கிடையாது. அந்தக் குறையை நீக்கவே இம்முயற்சி.

தாமலுக்கும் கடலுக்கும் என்ன ஒட்டு என்று கேட்பார் உளர். அவர்கள் எங்கள் ஊர்க் கோயிலுக்குள் வந்ததில்லை என்று பொருள். இங்குள்ள சிவனுக்கு வராகீஸ்வரர் என்று பெயர். கடலுக்கடியில் முழுகிப் பூமியையே தூக்கிக்கொண்டு மேலே வந்த வராகம் வழிபட்ட தலம் என்பது புராணம். கடல் அனுபவத்தில் எங்களை மிஞ்ச மாமல்லபுரத்தாலும் முடியாது.

வரலாற்றுச் சான்று இதைவிட வலுவானது. 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அவருடைய சீடர், காஞ்சியை இலங்கைக்குக் கப்பலேறும் துறைமுகமாகவே குறிக்கிறார். மூன்று நாள் பயணம் என்று கணக்கும் கொடுக்கிறார். காஞ்சியில் ஏது கடல் என்று திகைத்த வரலாற்றாசிரியர்கள், மாமல்லபுரத்தைத்தான் அப்படிச் சொல்லியிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டார்கள். சமாதானமே தேவையில்லை. தெருவில் நாலு பேர் பார்க்க வேன் ஏறுகிற இடம்தான் எந்தப் பயணத்துக்கும் துறைமுகம்.

நமக்கு முக்கியம், யுவான் சுவாங் கடைசியில் போகவில்லை என்பது. இலங்கையிலிருந்து வந்திறங்கிய பிக்குகள், அங்கே மன்னர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம் என்று சொல்ல, மனிதர் திட்டத்தைக் கைவிட்டார். காஞ்சி வட்டாரத்தில் கடல் பயணத்தை ரத்து செய்தவர்களில் எழுத்துச் சான்றோடு நமக்குக் கிடைக்கும் மூத்தவர் அவரே. எங்கள் குடும்பம் அவர் மரபில் வந்தது.

இலக்கணத் தடை

முதல் தடை இலக்கணத்திலிருந்து வந்தது. பெண்ணோடு கடல் கடப்பது வழக்கமில்லை என்ற பொருளில் தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு நூற்பா இருக்கிறது. குடும்பக் கப்பல் பயணம் என்பதையே அடியோடு சாய்க்கும் விதி. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான பெரியப்பா இதை எடுத்துப் போட்டதும் வீடே வாயடைத்தது. கப்பலுக்குப் பணம் கொடுக்க விருப்பமில்லாதவர்கள் தொல்காப்பியத்தில் புலமை பெறுவது இயல்பு.

ஆனால் உரையாசிரியர்கள் எதற்கு இருக்கிறார்கள்? இளம்பூரணர் அதைக் கடல் பயணம் என்றே கொண்டார். நச்சினார்க்கினியரோ கடலை விட்டுவிட்டு, ஓதல், தூது, பொருள் என்ற மூன்று பிரிவுகள் என்று வேறு வழியில் போனார். படிக்கவோ, தூது போகவோ, சம்பாதிக்கவோ போகும்போது பெண்ணை அழைத்துப் போவதில்லை என்றாகிறது. நாங்கள் போவது இந்த மூன்றுக்கும் இல்லை, செலவழிக்க. ஆகவே நச்சினார்க்கினியர் உரைப்படி டிக்கெட் எடுக்கலாம். இந்த உரையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ப்ளஸ் டூ படிக்கும் தங்கை. பெரியப்பா அன்று முதல் இளம்பூரணர் கட்சி.

காலக் கணக்கு

சென்னையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலுக்கும் எங்கள் வீட்டுக்கும் பஞ்சாங்கம் ஒத்துவராது. கோர்டெலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து முதல்முறையாகக் கிளம்பியது. 2023 ஜூன் 5 அன்று ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கே போனது. ஜூனில் இந்தப் பக்கம் வருவதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் மும்பைக் கடல் கொந்தளிக்கும். வங்கக் கடல் அப்போது ஓரளவு அடக்கமாக இருக்கும்.

எங்களுக்கு ஜூன் என்றால் பள்ளி திறந்தாயிற்று. போதாக்குறைக்கு நாங்கள் நெசவுக் குடும்பம். தறியில் ஒரு பாவு ஏற்றினால் மூன்று சேலை. மூன்றும் இறங்கும் வரை அப்பா நகரமாட்டார். ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை வேண்டும் என்று முதலாளி ஆனியிலேயே நெருக்க ஆரம்பிப்பார். ஆடியில் போகலாம் என்றால் "ஆடியில யாராவது புதுசா ஒண்ண ஆரம்பிப்பாங்களா?" என்று ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, கேட்பாள். தறிக்கு உண்மையான விடுமுறை ஐப்பசி, கார்த்திகையில்தான். மழை பிடித்துக்கொண்டால் குழித்தறியின் பள்ளத்தில் தண்ணீர் ஊறும், கால் வைக்க முடியாது, மிதிக்க முடியாது. எல்லோரும் சும்மா உட்கார்ந்து தாமல் ஏரி கோடி போயிற்றா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அந்த நேரம் வங்கக் கடலில் புயல் சின்னம். எங்களுக்கு ஓய்வு கிடைக்கிறபோது கடலுக்கு வேலை வந்துவிடுகிறது.

மூன்று மாதம் முன்னால் பதிவு செய்தால் தள்ளுபடி என்கிறார்கள். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் 2019-இல் 48 நாள் தரிசனம் தந்துவிட்டுக் குளத்துக்குள் போன அத்திவரதர், அடுத்து 2059-இல் எழுந்தருள்வார் என்று வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். நாற்பது ஆண்டுக்கு முன்பதிவு செய்யத் தெரிந்த எங்களால் மூன்று மாதத்துக்குச் செய்ய முடியவில்லை. பெருமாளுக்குத் தறி இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

முன்பதிவுப் படிவத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இலங்கைக்குப் போகும் கப்பலென்றால் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தாத்தாவின் பெயர் ஏறி, பதினொரு பேரில் பாதிப் பேர் அவர் பெயராலேயே அழைக்கப்படும் நிலை உண்டாகும்.

பிரிவினைக் கணக்கு

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். விளம்பரத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பது, ஓர் அறையை இருவர் பகிர்ந்தால் மட்டும். மூன்றாம், நான்காம் ஆளுக்குக் குறைவு. தனியாகப் படுத்தால் ஏறக்குறைய இரண்டு ஆள் காசு. துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் அன்பளிப்பு எல்லாம் கடைசிப் பக்கத்தில் காத்திருக்கும். அறைகளில் நாலு சாதி: ஜன்னல் இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, அதற்கும் மேலே பணக்காரர் அறை.

எங்கள் குடும்பம்: ஆயா, பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, அத்தை, அண்ணன், அண்ணி, அவர்கள் குழந்தை, தங்கை, நான் (இவ்வாய்வின் ஆசிரியன், நடுநிலை தவறாதவன்). ஆகப் பதினொன்று. அது பகா எண் என்பதில்தான் எல்லாத் துயரமும் தொடங்குகிறது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் கணிதத்தைச் செய்தவர், 1912-இல் இதே சென்னைத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த சீனிவாச ராமானுஜன் என்பது தற்செயலாக இருக்க முடியாது. 1914 மார்ச் 17 அன்று இதே துறைமுகத்தில் நெவாசா என்ற கப்பலில் ஏறி இங்கிலாந்து போனார். குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்த பிறகே அவருடைய அம்மா இசைந்தார் என்று சொல்வார்கள். 1918-இல் ஹார்டியோடு சேர்ந்து, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல் துண்டுகளாக உடைக்கலாம் என்பதற்குச் சூத்திரம் கொடுத்தார். பதினொன்றை 56 விதமாக உடைக்கலாம். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்றால் 27. தனி ஆள் அறை கூடாது என்றால் நாலே நாலு. கணிதம் இதுவரை நம்மைக் கைவிடவில்லை. கைவிட்டது இனிமேல்தான்.

அண்ணன் ஜக்கார்டு டிசைன் போடுகிறவன். புட்டாவும் அன்னமும் வரைகிற கிராஃப் தாளில் கப்பலின் தளத்தை வரைந்து, ஆளுக்கொரு நிறம் கொடுத்து, கட்டம் கட்டமாக நிரப்பித் தறி மேடையில் விரித்தான். சேலை என்றால் முந்தானையில் வந்திருக்க வேண்டிய அழகு.

முதல் பிரிவு 4, 4, 3. ஆண்கள் நால்வர் ஓர் அறை. பெண்களும் குழந்தையும் ஏழு பேர், மற்ற இரண்டு அறைகள். அம்சமாக விழுந்தது. செலவும் இதில்தான் குறைவு. ஆனால் நாலு பேர் அறையில் இரண்டு படுக்கை கீழே. மற்ற இரண்டும் சுவரிலிருந்து இழுத்துவிடும் மேல் படுக்கை, ஏணி வைத்து ஏற வேண்டும். பெண்கள் அறையில் யார் மேலே ஏறுவது? பெரியம்மாவுக்கு முழங்கால். அம்மாவுக்குத் தலைசுற்றல். இந்த இரண்டு நோயும் ஏணிப் படத்தைக் காட்டும் வரை வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. அண்ணி மட்டும் அடுப்படியிலிருந்து, "கல்யாணமாகி அஞ்சு வருசம் கழிச்சு ஒரு தடவ வெளிய போறோம், அதுலயும் நான் மாமியார் கூடவா படுக்கணும்?" என்று அண்ணன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். தெருவுக்கே கேட்டது.

இரண்டாம் பிரிவு 4, 3, 2, 2. மூத்த தம்பதிகள் இரு ஜோடிக்கும் தனித்தனி அறை. அண்ணன் குடும்பம் மூவர் ஓர் அறை. ஆயா, அத்தை கீழே, நானும் தங்கையும் மேலே. ராமானுஜனே வந்தாலும் இதற்கு மேல் செய்ய முடியாது. எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது பெரியப்பா கேட்டார்: "எந்த ரூம்ல ஜன்னல்?"

இரண்டு அறைக்குத்தான் பால்கனி கட்டுபடியாகும். ஆயா விடியற்காலை சூரியனைக் கும்பிடாமல் காபி குடிக்கமாட்டாள். அவளை உள்ளறையில் வைத்தால் விடிந்ததே தெரியாது. "ஜன்னலே இல்லாத ரூம்ல பெத்தவள எப்டிடா போடறது?" என்றார் பெரியப்பா. சரி, ஆயா அறைக்குப் பால்கனி என்றால் மீதி ஒன்று மூத்தவருக்கா, பெரும்பங்கு பணம் கொடுக்கும் அப்பாவுக்கா? இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காததால்தான் அன்று ராத்திரி ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் பிரிவு 3, 3, 3, 2. அந்த இரண்டு யார் என்பதோடு விவாதம் முடிந்தது. நாலாம் பிரிவு 3, 2, 2, 2, 2. ஐந்து அறைக்கான தொகையைக் கேட்டதும் அத்தை, "இந்தக் காசுக்கு வீட்டுக்கு மேல ஒரு ரூமே கட்டிடலாமே" என்றாள். எம்பிரஸ் கப்பலில் பதினொரு தளங்கள் இருப்பதைச் சுட்டி, ஆளுக்கொரு தளம் எடுக்கலாம் என்ற என் தீர்வு ஏற்கப்படவில்லை.

முன்மாதிரிகள்

குடும்பத்தோடு நீர்மேல் போவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதன்று. வரதராஜப் பெருமாள் அனந்தசரஸ் குளத்தில் தேவியரோடு தெப்பம் ஏறுகிறார். மூவருக்கும் ஒரே மண்டபம், நாலு பக்கமும் திறப்பு, உள்ளறை என்ற பேச்சே இல்லை. குளத்தைச் சுற்றிவிட்டு அன்றைக்கே கோயிலுக்குத் திரும்பிவிடலாம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் வந்தது. அதில் இருக்கைதான், அறைச் சண்டை கிடையாது. ஆனால் நாலு மணி நேரத்தில் இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஜன்னலோரம் யாருக்கு என்று எங்கள் வீட்டில் முடிவாகவே அவ்வளவு நேரம் பிடிக்கும்.

இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த பெரிய வெளிச்சம் ரஜுலா. 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். அதில் ஏறிய தமிழர்களில் பெரும்பாலோர் டெக் பயணிகள். அறை இல்லை, எண் இல்லை. ஆயிரக்கணக்கானோர் தளத்தில் பாயை விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்கள். அவர்கள் உல்லாசத்துக்குப் போகவில்லை. தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்கள். வெயிலும் வாந்தியும் நெரிசலுமாகப் பட்ட பாட்டை மறைத்துவிட்டு அதைப் பொற்காலம் என்று எழுத நான் தயாரில்லை. ஆனால் ஒன்று உண்மை. மாமியாரும் மருமகளும் ஓரகத்தியும் ஒரே தரையில் படுத்த அந்தக் கப்பலில், யாருக்குப் பால்கனி என்ற கேள்வி எழ இடமே இல்லை. பதினொன்றை ஒன்றாகவே விட்டுவிடுவதும் ராமானுஜனின் 56 வழிகளில் ஒன்றுதான். முதல் வழியே அது. நாலு பேருக்கு மேல் கூடாது என்ற விதியால் கப்பல் கம்பெனிகள் அதை அடித்துவிட்டன.

ஆகவே சென்னையிலிருந்து கப்பல் விடும் நிறுவனங்களுக்குத் தாமலிலிருந்து ஒரு விண்ணப்பம். அடுத்த முறை வரும்போது ஒரு தளத்தில் சுவரில்லாத ஹால் ஒன்று வையுங்கள். ஏசி இருக்கட்டும், பதினொரு பாய் போதும், கிழக்கே ஒரு ஜன்னல் ஆயாவுக்கு. வெளிச் சாப்பாடு கூடாது என்ற விதியில் மந்தாரை இலை வைத்து அவித்த காஞ்சிபுரம் இட்லிக்கு மட்டும் விலக்கு தாருங்கள். மிளகும் சுக்கும் போட்டது, மூன்று நாள் தாங்கும். தேதியை மாசியிலேயே சொல்லிவிட்டால், ஆனிக்குப் புதுப் பாவு ஏற்றாமல் காத்திருப்போம்.