செவுத்துக்கும் பாசனம்

வாய்யா மருமகனே, மறுபடியும் பெயிண்டு வாளியத் தூக்கிட்டியா? போன தீவாளிக்கு ரோசாப்பூ கலரு, அதுக்கு முந்தி கிளிப்பச்ச. கலருதான் மாறுது, ஓதம் அப்பிடியே இருக்கு. வைகை அணையக் கட்டுனது 1959-ல. அந்தத் தண்ணி 58 கிராமக் கால்வாய் வழியா நம்ம உசிலம்பட்டிப் பக்கம் எட்டிப்பாக்க ரெண்டு தலமொற காத்துக் கெடந்தோம். உன் வீட்டுச் செவுரு மனுவும் குடுக்கல, மறியலும் பண்ணல. அதுக்கு முப்போகமும் பாசனம் நடக்குது. யோகக்காரன்ப்பு நீ.

அடிக்கணும்னு முடிவு பண்ணிட்ட, அடி. ஆனா தண்ணி எங்கிட்டிருந்து வருதுன்னு மட்டும் பாத்துறாத. பாத்துட்டா சோலி முடிஞ்சு போகும், பெறகு வருசா வருசம் பெயிண்டுக்கடையில உக்காந்து டீ குடிக்க உனக்குச் சாக்கு இருக்காது.

பாத்தே தீருவேன்னா, அந்தப் பீரோவ நகட்டு. எதுக்கு அங்க வச்சன்னு எனக்குத் தெரியும். தரையில இருந்து இடுப்பளவு ஈரம் ஏறி, அது முடியிற எடத்துல வெள்ளயா உப்புப் பூத்திருந்தா, மண்ணுல இருக்கற தண்ணியச் செங்கல்லு உறிஞ்சி ஏத்துதுன்னு அர்த்தம். பேஸ்மட்டத்துக்கு மேல ஓதம் ஏறாம பெல்ட்டு கான்கிரீட்டு போடணும்னு கொத்தனாரு அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டாரு. உங்கப்பன் அந்தக் காசுக்குக் கிடா வெட்டுனாரு. கறி நல்லாத்தான் இருந்துச்சு, நானும் தின்னேன். போதாததுக்கு ரோட்டு மேல ரோடா போட்டு, உன் வாசப்படி இப்பப் பள்ளத்துல கெடக்கு. ஐப்பசி கார்த்திகை மழ வேற எங்க போகும்?

சன்னலு மூலையில மட்டும், அதுவும் மழைக்கு மறுநாளு நனஞ்சா, சன்ஷேடுக்கு மேல வெடிப்பு இருக்கான்னு பாரு. பங்குனி சித்திரையிலயும் ஒரே எடம் ஊறிக் கெடந்தா, செவுத்துக்குள்ள பொதச்ச பைப்பத்தான் சந்தேகப்படணும். ரவைக்கு எல்லாக் கொழாயயும் மூடி, மாடித் தொட்டியில தண்ணி மட்டத்தக் குறிச்சு வச்சிட்டு விடியப் பாரு, கொறஞ்சிருந்தா பைப்பு ஒழுகுது. ஈரம் மேல இருந்து எறங்குனா மொட்டமாடிக்குப் போ. தண்ணி போற ஓட்டையில வேப்பெல அடச்சிருக்கும். நீதான் போனுக்கு டவரு கெடைக்கலன்னா மட்டும் மாடி ஏறுற ஆளாச்சே.

இன்னமும் சந்தேகமா? ஒரு பாலித்தீன் தாளச் செவுத்துல வச்சு, நாலு ஓரமும் டேப்பு ஒட்டி, ரெண்டு நாளு விடு. செவுத்தப் பாத்த பக்கம் வேர்த்தா, செவுத்துக்குள்ள தண்ணி. நம்மளப் பாத்த பக்கம் வேர்த்தா, வீட்டுக்குள்ள காத்துல இருக்கற ஈரம். கொசுவுக்குப் பயந்து பூட்டி வச்ச சன்னலத் தொற, தீந்துச்சு.

வைத்தியமா? மொத தண்ணி வர்ற வழிய அடைக்கணும். வெளியில செவுத்தோரம் குமிஞ்ச மண்ண அள்ளி, மழத்தண்ணி விலகிப் போக வாட்டம் விடு. விரலால தட்டுனா டொப்பு டொப்புன்னு கேக்குற பூச்சு எல்லாம் கழண்ட பூச்சு. ஈரக்கோட்டுக்கு ஒரு அடி மேல வரைக்கும் கொத்தி எடுத்துட்டு, ஒரு கோட முழுக்கக் காயவிடு. உப்ப ஈரத்துணியால தொடைச்சா கரஞ்சு மறுபடி உள்ள போயிரும். காஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு அள்ளு. சுண்ணாம்புக் காரைன்னா ஈரம் வெளிய போக வழி இருக்கும். சிமிட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டு மூடுனா, உள்ளயே நின்னு இன்னும் மேல ஏறும். அது சுவிட்சுப் பெட்டியத் தொட்டுச்சுன்னா மட்டும் யோசிக்காத, மெயின அமத்திட்டு எலெக்ட்ரீசியனக் கூப்புடு. அதுல எனக்குக் கேலி வராது.

இம்புட்டுக்கும் பொறும இல்லயின்னா, வாளியத் தொற, அடி. உன் மகளப் பொண்ணு பாக்க வர்றவுக ஒரு மணி நேரம் இருப்பாக, அதுவரைக்கும் பெயிண்டு தாங்கும். நாஞ்சொன்ன ரோசனைய மட்டும் பெயிண்டுக்கடையில மூச்சு விட்றாத. கடைக்காரரு எனக்குச் சம்பந்தகாரரு.