அன்று மதிலுக்கு அப்பால், இன்று காதுக்குள்

எழுபதுகளின் பெங்களூரில், காக்ஸ் டவுன் பக்கம் ஒரு வீட்டில் பியானோ இருந்தால் அது தெருவுக்கே தெரிந்த சங்கதி. எங்கள் தெருவில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் இருந்தது. ஓடு வேய்ந்த, மங்கி டாப் ஜன்னல் வைத்த பழைய வீடு. சாயங்காலம் அந்த ஆன்ட்டி வாசிக்க உட்கார்ந்தால், மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் பாண்டி ஆடுவதை நிறுத்திவிட்டு நிற்போம். எந்த இடத்தில் அவர் தடுக்கி மறுபடி ஆரம்பிப்பார் என்பதுகூட எங்களுக்கு மனப்பாடம்.

ஒரு நவராத்திரிக்கு அம்மா சுண்டல் கொடுத்து அனுப்பியபோதுதான் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். கறுப்பு மரம், முன்பக்கம் பித்தளையில் இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகள், மேலே குரோஷா விரிப்பு. நான் வைத்த கண் வாங்காமல் பார்ப்பதைக் கண்டு ஆன்ட்டி கீழ்ப்பலகையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சின்ன பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் ஃபெல்ட் உப்பிக் கட்டைகள் சிக்கிக்கொள்ளும், அதற்காக இந்தச் சூடு என்றார். பூச்சி அரிக்காமல் இருக்க மூலையில் அந்துருண்டை. வெங்காயம், பூண்டு வாசனை மட்டுமே தெரிந்த எனக்கு அந்த அந்துருண்டையும் பழைய மரமும் கலந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒரு கட்டையைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்க நாக்கு எழவில்லை. வெறும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் படித்த கான்வென்ட் ஹாலிலும் ஒரு பியானோ உண்டு. பியானோ படிக்கத் தனி ஃபீஸ். அப்பா எச்.ஏ.எல்.-ல் வேலை பார்த்தார்; நாலு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் அந்தத் தனி ஃபீஸைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அல்சூரில் ஒரு டீச்சரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டேன். சுருதிப் பெட்டி, சரளி வரிசை, ஜண்டை வரிசை, அஞ்சு கட்டை சுருதி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கான்வென்டில் பிரேயர் முடிந்து எல்லோரும் வரிசையில் கலையும்போது அந்த மூடிய பியானோவைத் தாண்டித்தான் நான் நடந்து போக வேண்டும்.

அன்றைக்கு மேற்கத்திய இசை படிக்கிற வழிகள் இந்த ஊரில் குறுகலானவை. சர்ச் கொயர், கான்வென்ட், வீட்டில் சொல்லித் தரும் ஓரிரு மிஸ்கள். சி.எஸ்.ஐ. சர்ச்சுக்குப் போகும் என் வகுப்புத் தமிழ்ப் பெண்கள் ஐந்து கோட்டு நொட்டேஷனை எங்கள் எல்லோருக்கும் முன்பே படித்தார்கள். அவர்கள் சர்ச்சில் காலால் மிதிக்கும் ஆர்மோனியம் இருந்தது. சென்னைக்காரர்களுக்கு மவுண்ட் ரோட்டில் மியூஸி மியூஸிகல் இருந்தது. மிஸ்குவித் கம்பெனி என்ற பெயரில் 1842-ல் தொடங்கிய கடை அது. லண்டன் டிரினிட்டி காலேஜ் தேர்வுகளை எழுத வைப்பதும் அவர்கள்தான். பெங்களூரில் அருணா சுந்தர்லால் பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக்கைத் தொடங்கியது 1987-ல். அதற்குள் நான் பட்டம் வாங்கி, கல்யாணம் ஆகி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நடுவில் கேசியோ வந்தது. 1980-ல் அந்தக் கம்பெனி கேசியோடோன் என்று முதல் கீபோர்டை விற்க ஆரம்பித்தது. சில வருஷத்தில் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்களின் பெட்டியில் துணிக்கு நடுவே அது இருந்தது. எந்தக் கம்பெனிக் கீபோர்டாக இருந்தாலும் நம் வாயில் அது கேசியோதான். கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா, லைட் மியூசிக் மேடை எல்லாவற்றிலும் அது ஏறிவிட்டது. பியானோக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் தெரு ஆன்ட்டியின் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அந்தக் கறுப்புப் பியானோவை யாரோ தள்ளுவண்டியில் ஏற்றிப் போனார்கள். அந்த மங்கி டாப் வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி. பிரிகேட் ரோடு முனையில் வெள்ளைக்காரர்கள் கச்சேரி கேட்ட ஆபரா ஹவுஸ், 2018-லிருந்து சாம்சங் போன்களைக் காட்டும் இடம்.

இப்போது நான் ஓய்வு பெற்றவள். சர்ஜாபூர் ரோட்டில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். "அம்மா, நீ சின்ன வயசுல ஆசைப்பட்டியே, இப்ப படிச்சா என்ன?" என்று மகள்தான் ஆரம்பித்தாள். அன்று கேட்க முடியாமல் போனது இன்று வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் வாங்கப் போனால், எதை வாங்குவது என்பதில் ஊரே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"முதல்ல சின்னதா ஒண்ணு வாங்கு. கை பழகட்டும். அப்புறம் பெரிசு வாங்கிக்கலாம்." மச்சினர் சொன்னார், நாத்தனார் சொன்னாள், கீழ் ஃபிளாட்காரர் லிஃப்டில் சொன்னார். எல்லோரும் என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்கள். நான் முதலில் போன கடையிலும் அதையேதான் சொன்னார்கள். கடைப்பையன் அறுபத்தொரு கட்டைக் கீபோர்டை எடுத்து வைத்தான். "இதுல அறுநூறு டோன் இருக்கு மேடம். தபலா, டோலக் எல்லா ரிதமும் வரும்." பட்டனை அழுத்தினான், புல்லாங்குழல் வந்தது. இன்னொன்றை அழுத்தினான், நாய் குரைத்தது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு டோன், அது மதிலுக்கு அந்தப் பக்கம் நான் கேட்டது.

இந்த அறிவுரை தப்பு என்று நான் உறுதியாகச் சொல்வேன். காரணத்தை விரலால்தான் புரிந்துகொள்ள முடியும். சாதாரணக் கீபோர்டின் கட்டைக்கு அடியில் ஸ்பிரிங்கும் ரப்பரும் இருக்கின்றன. அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடும், விட்டால் வெடுக்கென்று எழும். பியானோவின் கட்டை அப்படி இல்லை. அதன் மறுமுனையில் ஒரு சுத்தியல் இருக்கிறது. விரல் தூக்குவது அந்தச் சுத்தியலின் எடையை. ஊஞ்சலைத் தள்ளுகிற மாதிரி, முதல் அசைவில் கனம், பிறகு அதுவே போகும். டிஜிட்டல் பியானோ என்று விற்பதில் இந்தச் சுத்தியலைக் கட்டையோடு இணைத்தே வைத்துவிடுகிறார்கள். தந்தி கிடையாது, ஆனால் எடை உண்டு. மந்திர ஸ்தாயியில் கட்டைகள் கனமாகவும் மேலே போகப் போக லேசாகவும் இருக்கும், அசல் பியானோவில் இருப்பதுபோலவே. கட்டை கீழே இறங்குகிற வேகத்தை உள்ளே இருக்கும் சென்சார்கள் கணக்கிட்டு, மெல்லத் தொட்டால் மெல்லவும் ஓங்கி அடித்தால் ஓங்கியும் ஒலியைத் தருகின்றன.

பியானோ பிறந்ததே இதற்காகத்தான். 1700-ஐ ஒட்டி இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் பார்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி என்பவர் முதல் பியானோவைச் செய்தார். அதற்கு முன்பு இருந்த ஹார்ப்சிகார்டில் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி ஒரே அளவுதான். தந்தியை அது மீட்டும், அடிக்காது. அடிக்கும் சுத்தியலைக் கொண்டுவந்து விரலின் பலத்தை ஒலியின் பலமாக்கியவர் அவர். எடையில்லாத கட்டையில் பியானோ படிக்க ஆரம்பிப்பது, அவர் பட்ட பாட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டு அதற்கு முந்தைய காலத்துக்குப் போவதற்குச் சமம். குழந்தை என்றால் வருஷக்கணக்கில் காலம் இருக்கிறது, கையை மாற்றிக்கொள்ளும். ஐம்பது தாண்டிய விரல் முதலில் எதைப் பழகுகிறதோ அதைச் சுலபத்தில் விடாது. லேசான கட்டையில் ஆறு மாதம் வாசித்துவிட்டு டீச்சர் வீட்டு அசல் பியானோவில் உட்காருகிற பெரியவர்கள், ஒலியே வரவில்லையே என்று மிரண்டு, குறை தன் வயதில்தான் என்று முடிவு கட்டி நிறுத்திவிடுகிறார்கள். குறை கட்டையில்.

ஆகவே எண்பத்தெட்டுக் கட்டை, சுத்தியல் எடை, ஒரு பெடல். இந்த மூன்றும் இருந்தால் மற்றது எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வரிசையில் யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10, கேசியோவின் பிரிவியா என்று ஆரம்பநிலைக்கு நல்ல வாத்தியங்கள் இருக்கின்றன. எல்லாம் பதினொன்று, பன்னிரண்டு கிலோதான்; அசல் அப்ரைட் பியானோ பெரும்பாலும் இருநூறு கிலோவைத் தாண்டும். பாலிஃபனி என்று ஓர் எண்ணைப் பெரிதாகச் சொல்வார்கள். பெடலை மிதித்தபடி வாசிக்கும்போது ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரங்கள் ஒலித்துக்கொண்டிருக்கலாம் என்ற கணக்கு அது. அறுபத்து நான்கு, தொண்ணூற்றாறு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று போகும். புதிதாகப் படிக்கிறவருக்கு அறுபத்து நான்கே போதும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட நல்ல ஸ்டாண்டுக்குக் கொடுக்கலாம். இரும்புக் குறுக்குக் கால் ஸ்டாண்ட் ஆடும், முழங்கால் இடிக்கும். முழங்கை கட்டையின் மட்டத்தில் இருக்கிற மாதிரி உட்கார முடியாவிட்டால் தோள்பட்டை வலி நிச்சயம். பெட்டியோடு தருகிற சதுரப் பெடலும் நம் ஃபிளாட்டு டைல்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடும். கனமான பெடலாகத் தனியே வாங்கிக்கொள்வது நல்லது.

நான் எடுத்தது ரோலண்ட். மற்றவை மட்டம் என்றில்லை. என் விரலுக்கு அதன் கனம் பிடித்தது. கட்டையை மெதுவாக இறக்கினால் அடியைத் தொடுவதற்குச் சற்று முன் ஒரு சின்னத் தடை தட்டுப்பட்டு விலகும். கிராண்ட் பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கப் போகுமுன் பிடி விடுபடுகிற இடம் அது. ஒலியை அணைத்துவிட்டு அந்தத் தடையை மட்டும் விரலால் தேடிக்கொண்டே நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். மகள் போனைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள்.

பியானோ சொல்லித் தர ஏற்பாடு செய்த டீச்சர் முதலில் கொடுத்தது சி மேஜர் வரிசை. வாசித்ததுமே எனக்குள் சங்கராபரணம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அதில் ஒரு தடங்கலும் இல்லை. முத்துஸ்வாமி தீட்சிதரே வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு அதே சங்கராபரணத்தில் நாற்பதுக்குக் கிட்ட நொட்டு ஸ்வர சாகித்தியங்கள் செய்தவர். 'சக்தி சஹித கணபதிம்' இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அல்சூர் டீச்சரிடம் நான் பாடிய அதே மெட்டை வலது கையில் எடுத்துவிட்டேன். ஆனால் தோடி ராகத்தைப் பியானோவில் தேடக்கூடாது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் அசைவில்தான் தோடியின் காந்தாரம் உயிரோடு இருக்கிறது. பியானோவில் அந்த இடமே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு உட்காருகிறவருக்கு ஏமாற்றம் வராது. பாட்டுப் படித்த பெரியவர்களுக்குத் தாளமும் ஸ்வர ஞானமும் ஏற்கெனவே கையில் இருக்கிறது; புதிதாக முக்கியமாகப் படிக்க வேண்டியது இரண்டு கைக்கும் தனித்தனி வேலை கொடுப்பது. அது கஷ்டம்தான், ஆனால் வரும்.

அன்றைக்கும் இன்றைக்கும் என்னை உறுத்துகிற ஒரு வித்தியாசம் ஹெட்ஃபோன். ராத்திரி பத்து மணிக்கும் வாசிக்கலாம், பக்கத்து ஃபிளாட்டில் குழந்தை தூங்கும். இந்த வசதி இல்லாமல் அடுக்குமாடியில் யாரும் படிக்கவே முடியாது, நான் மறுக்கவில்லை. ஒயர் வைத்த ஹெட்ஃபோன்தான் சரி. புளூடூத் ஹெட்ஃபோனில் விரல் பட்டு ஒரு கணம் கழித்துத்தான் ஒலி வரும், அந்தத் தாமதத்தில் தாளம் நழுவும். கட்டைகள் இறங்கும் டொக் டொக் சத்தம் தரை வழியாகக் கீழ் வீட்டுக்குப் போகும் என்பதால் அடியில் கனமான பாய் போட்டிருக்கிறேன். இத்தனை ஏற்பாடும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் இருக்கத்தான். எங்கள் தெரு ஆன்ட்டி தடுக்கிய இடம் எங்களுக்குத் தெரியும். அவர் ஒருநாள் தடுக்காமல் தாண்டியபோது மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் கை தட்டினோம். இந்தக் கட்டடத்தில் என்னைப் போல எத்தனை பேர் காதை மூடிக்கொண்டு தடுக்கித் தடுக்கி வாசிக்கிறார்களோ, ஒருவருக்கொருவர் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நான் ஒயரைக் கழற்றிவிடுகிறேன். பால்கனிக் கதவையும் திறந்துவைக்கிறேன். எதிர் ஃபிளாட்டுக் கன்னடக்கார அஜ்ஜி இப்போது அந்த நேரத்துக்கு நாற்காலியை வெளியே போட்டுக்கொள்கிறார். அவருடைய பேத்தி வந்து கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள். எங்கள் வீட்டில் அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நீங்களும் நாற்பது, ஐம்பது, அறுபதில் ஆரம்பிக்க நினைத்தால், விலைப்பட்டியலை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்கு நேரே போங்கள். நின்றுகொண்டு இரண்டு கட்டையைத் தட்டிவிட்டு வராதீர்கள். ஸ்டூல் கேட்டு உட்காருங்கள். முதலில் வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு விரலுக்கு மட்டும் வாசித்துப் பாருங்கள், பிறகு ஒலியைக் கூட்டுங்கள். அரை மணி நேரம் உட்கார விடாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.